வியட்நாம் ஃபண்டில் போனஸை மொத்தமாகப் போடலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: சிங்கப்பூரில் வேலை. கூட வேலை பார்ப்பவர் 2025 ஏப்ரலில் ஒரு வியட்நாம் ஃபண்டில் போட்டு ஆறே மாதத்தில் நல்ல லாபம் பார்த்துவிட்டார். வளரும் சந்தை என்ற தகுதியும் (உலகப் பங்குக் குறியீடுகளில் ஒரு படி மேலான பட்டியல்) அந்த நாட்டுக்குக் கிடைக்கப் போகிறதாம். வருடக் கடைசியில் வரும் போனஸை அப்படியே அதில் போடலாமா, இல்லை லேட்டாகிவிட்டதா? இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. வியட்நாம் வளருமா என்பது ஒன்று. இன்றைய விலையில், சிங்கப்பூர் வெள்ளியைக் கொடுத்து, ஒரு ஃபண்ட் வழியாகப் போனால் அந்த வளர்ச்சி உங்கள் கைக்கு வந்து சேருமா என்பது இன்னொன்று. உங்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டாவது. ஆனால் வங்கிக்காரர், யூடியூப்காரர், உங்கள் நண்பர் எல்லாரும் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நான் ஃபண்டுகளின் யூனிட் மதிப்பை, அதாவது என்.ஏ.வி.யை, கணக்கிடும் வேலையில் பல வருடம் இருந்தவன். எந்தப் பங்கு ஏறும் என்று சொல்லும் வேலை இல்லை அது. வாங்கியது என்ன விலைக்கு, எந்த நாணயத்தில், எவ்வளவு செலவோடு வந்தது என்று எழுதி வைக்கிற வேலை. அதனால் என் பதிலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

முதலில் நிச்சயமாகச் சொல்லக்கூடியவை. ஹோ சி மின் நகரச் சந்தை 2000 ஜூலையில் இரண்டே பங்குகளோடு திறந்தது. 100 புள்ளியில் தொடங்கிய வி.என். இண்டெக்ஸ் (அந்தச் சந்தையின் பங்கு விலைக் குறியீடு) ஒரு வருடத்துக்குள் 571 வரை போய், 2003-இல் 130-களுக்கு வந்தது. அது குட்டிச் சந்தை, விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது 2006-07. 2006-இல் மட்டும் இண்டெக்ஸ் 300 சொச்சத்திலிருந்து 751-க்கு ஏறியது. 2007 ஜனவரி 11-இல் வியட்நாம் உலக வர்த்தக அமைப்பில் 150-ஆவது உறுப்பினராகச் சேர்ந்தது. இரண்டே மாதத்தில், மார்ச் 12 அன்று, 1,170. அப்போது பெரிய பங்குகள் லாபத்தைப் போல முப்பது மடங்குக்கும் மேலே விலை போயின. "அடுத்த சீனா" என்று சொல்லாத ஆள் இல்லை. அந்த மே மாதமே மத்திய வங்கி, பங்கு வாங்கக் கொடுக்கும் கடன் ஒரு வங்கியின் மொத்தக் கடனில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்போட்டது. 2008-இல் பணவீக்கம் 28 சதவீதத்தைத் தொட்டது. 2009 பிப்ரவரியில் இண்டெக்ஸ் 235. உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

இடையில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஃபண்ட் வாங்குகிறவர்கள் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். வியட்நாமில் ஒரு பங்கு ஒரே நாளில் இவ்வளவுதான் ஏறலாம், இவ்வளவுதான் இறங்கலாம் என்று வரம்பு உண்டு. ஹோ சி மின் சந்தையில் இப்போது 7 சதவீதம், அப்போது 5. சரிவை நிறுத்துகிறோம் என்று 2008 மார்ச் கடைசியில் அந்த வரம்பை 1 சதவீதமாகச் சுருக்கினார்கள். என்ன ஆகும்? முப்பது சதவீதம் இறங்க வேண்டிய பங்கு தினமும் காலையில் கீழ் வரம்பில் போய் நின்றுகொள்ளும். விற்க நீண்ட வரிசை, வாங்க ஆளே இல்லை. ஆனாலும் சாயங்காலம் சந்தை ஒரு முடிவு விலையைக் கொடுக்கும், கணக்கு எழுதுகிறவர்கள் அதைத்தான் எழுத வேண்டும், ஃபண்டின் என்.ஏ.வி. அறிக்கையில் பார்க்க ஒன்றும் மோசமில்லாமல் இருக்கும். அந்த விலைக்கு நூறு பங்கு விற்க முடியுமா என்றால் முடியாது. லண்டனில் பட்டியலான வியட்நாம் ஃபண்டுகளின் சந்தை விலை அந்த வருடம் என்.ஏ.வி.யை விட்டு வெகுதூரம் கீழே போனதற்கு இதுவும் ஒரு காரணம். வெளியே இருந்தவர்கள் அந்த என்.ஏ.வி.யை நம்பவில்லை. முந்தைய வருடம் இதே ஃபண்டுகளை என்.ஏ.வி.க்கு மேலே பிரீமியம் கொடுத்து வாங்கினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: போகும்போது நூறு ரூபாய்ச் சரக்கை நூற்றுப்பத்துக்கு வாங்கி, வரும்போது அது ஐம்பதானபின் முப்பத்தைந்துக்கு விற்கிற கணக்கு.

சரி, அது பழைய கதை, அப்புறம் ஏறிவிட்டதே என்பீர்கள். ஏறியது. 2007 உச்சத்தை இண்டெக்ஸ் மறுபடி தாண்டியது 2018 மார்ச்சில், பதினோரு வருடம் கழித்து. அதுவும் வியட்நாமின் நாணயமான டாங்கில். 2007-இல் ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 16,000 டாங். இப்போது 26,000-க்கு மேல். இதை வைத்து நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்: 1,170-ஐ 16,000-ஆல் வகுங்கள், 1,700-ஐ 26,300-ஆல் வகுங்கள். 2007 மார்ச் உச்சத்தில் போட்டவருக்கு, 2025 அக்டோபரில் இண்டெக்ஸ் 1,700-இல் நின்றபோதும், டாலர் கணக்கில் விலை இன்னும் பத்து சதவீதத்துக்கு மேல் கீழே. சிங்கப்பூர் வெள்ளியில் இன்னும் மோசம். அன்றைக்கு ஒரு அமெரிக்க டாலர் 1.53 வெள்ளி, 2025 அக்டோபரில் 1.30 பக்கத்தில், ஆக கால்வாசி நஷ்டம். டிவிடெண்டைச் சேர்த்தால் படம் கொஞ்சம் மாறும், கையைச் சுட்டுக்கொள்ளாமல் வெளியே வந்திருப்பார். ஆனால் பதினெட்டு வருடம் காத்திருந்தது அதற்காக இல்லையே. நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: 2009 பிப்ரவரியில் எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தபோது வாங்கியவருக்கு அதே இண்டெக்ஸ் டாலரில் நாலே முக்கால் மடங்கு ஆகியிருக்கிறது. நாடு ஒன்றுதான், ஃபண்டும் ஒன்றாகவே இருக்கலாம். உள்ளே நுழைந்த விலைதான் வேறு.

இதே காலத்தில் வியட்நாமின் பொருளாதாரம் என்ன ஆயிற்று தெரியுமா? 2007-இல் சுமார் 77 பில்லியன் டாலராக இருந்த ஜி.டி.பி. 2024-இல் 476 பில்லியன். ஆறு மடங்கு, அதுவும் டாலரில். அதாவது 2007-இல் "வியட்நாம் வளரும்" என்று சொன்னவர்கள் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. அவர்கள் நம்பியதைவிடவே நாடு நன்றாக வளர்ந்தது. ஊர் வளர்கிறது என்பதால் அந்த ஊரில் எந்த மனையை எந்த விலைக்கு வாங்கினாலும் லாபம் என்று ஆகிவிடாதே, அதுதான் நடந்தது.

காரணம் விலை மட்டும் இல்லை. வியட்நாம் என்றதும் நம் கண்முன் வருவது தொழிற்சாலை: பாக் நின், தாய் ங்குயென் மாகாணங்களில் சாம்சங் போன்கள், செருப்பு, துணி, லேப்டாப். இந்த ஏற்றுமதியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெளிநாட்டு நிறுவனங்களுடையது. சாம்சங் பங்கு சியோலில் விற்கிறது, ஹோ சி மின் நகரத்தில் இல்லை. நீங்கள் வாங்கும் ஃபண்டுக்குள் இருப்பது பெரும்பாலும் உள்ளூர் வங்கிகள், ரியல் எஸ்டேட், கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் பால் பவுடர், கொஞ்சம் சாஃப்ட்வேர். உள்நாட்டுக் கடனும் மனை விலையும் எப்படிப் போகிறதோ அப்படித்தான் அது போகும். 2022-இல் இதைப் பார்த்தோம். ஏற்றுமதிக்கு ஒன்றும் ஆகவில்லை, பொருளாதாரம் 8 சதவீதம் வளர்ந்தது. ஆனால் எஃப்.எல்.சி. என்ற ரியல் எஸ்டேட் குழுமத்தின் தலைவர் பங்கு விலையில் தில்லுமுல்லு செய்ததாக மார்ச்சில் கைது, வான் தின் ஃபாட் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் ட்ருவோங் மை லான் அக்டோபரில் கைது, கம்பெனி பாண்டு சந்தை உறைந்துபோனது. ஜனவரியில் 1,528-இல் இருந்த இண்டெக்ஸ் நவம்பர் நடுவில் 900-க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அப்புறம், வெளிநாட்டவருக்கான உச்சவரம்பு. வங்கிகளில் வெளிநாட்டவர் எல்லாரும் சேர்ந்து பொதுவாக 30 சதவீதம்தான் வைத்துக்கொள்ளலாம். பல கம்பெனிகளில் 49. அது நிரம்பிவிட்டால் உங்கள் ஃபண்ட் சந்தையில் போய் அந்தப் பங்கை வாங்க முடியாது. வேறொரு வெளிநாட்டு ஃபண்டிடம்தான், சந்தை விலைக்கு மேலே கொடுத்து வாங்க வேண்டும். எஃப்.பி.டி., மொபைல் வேர்ல்ட் மாதிரியான, எல்லாரும் ஆசைப்பட்ட பங்குகளில் வெகுகாலம் இதுதான் நிலை. ஆக வெளிநாட்டு இ.டி.எஃப்.கள் (பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டுகள்) பலவற்றில் நல்ல கம்பெனிகள் இடம்பெறவே முடியாமல், இடம் இருக்கிற கம்பெனிகள் மட்டுமே இருந்தன. அமெரிக்காவில் 2009 ஆகஸ்டில் தொடங்கிய வேன்எக் வியட்நாம் இ.டி.எஃப். பிரபலமானது, அது சுமார் 25 டாலரில் ஆரம்பித்தது. பதினாறு வருடம் கழித்து, இவ்வளவு பெரிய பூமுக்கு நடுவிலும், யூனிட் விலை 20 டாலருக்குக் கீழேதான் இருந்தது. வெகுநாள் அதற்குள் கொரியக் கம்பெனிப் பங்குகள்கூட இருந்தன, 2023-இல்தான் முழுக்க வியட்நாம் நிறுவனங்கள் என்று மாற்றினார்கள். இன்னொன்று, இந்த இ.டி.எஃப்.கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எதை வாங்கும், எதை விற்கும் என்று உள்ளூர்த் தரகு நிறுவனங்கள் முன்கூட்டியே கணக்குப் போட்டு அறிக்கை விடும். அதைப் படித்து முந்திக்கொள்கிறவர்களுக்குப் போகும் காசு யூனிட் வைத்திருக்கிறவர் பையிலிருந்துதான் போகிறது.

2025 பூமுக்கு வருவோம். ஏப்ரல் 2-இல் அமெரிக்கா 46 சதவீத வரி என்றது, மறுநாள் ஒரே நாளில் இண்டெக்ஸ் 6.7 சதவீதம் விழுந்தது. ஒரு வாரத்தில் 1,100-க்குக் கீழே. ஜூலையில் வரி 20 சதவீதம் என்று பேசி முடிந்தது, இண்டெக்ஸ் 2022-இன் பழைய உச்சத்தைத் தாண்டியது, அக்டோபரில் 1,700-க்கு மேலே போனது. உங்கள் நண்பர் ஏப்ரலில் வாங்கியது அந்த பயத்தில்தான், அது உண்மையிலேயே தைரியம். ஆனால் இந்த ஏற்றத்தில் பெரிய பகுதி, ரியல் எஸ்டேட்டும் கார் தொழிலும் நடத்தும் வின்குரூப் என்ற ஒரே கம்பெனியால் வந்தது. வருடத் தொடக்கத்தில் 40,000 டாங் சுற்றி இருந்த அந்தப் பங்கு அக்டோபரில் 2,00,000-ஐத் தாண்டியது. அதன் துணை நிறுவனங்களும் கூடவே ஏறின. ஒரே பங்கில் 10 சதவீதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று விதி உள்ள ஃபண்டுகளும், அந்தக் கம்பெனியின் கார் தொழில் நஷ்டத்தைப் பார்த்து ஒதுங்கிய ஃபண்டுகளும் இண்டெக்ஸோடு ஓட முடியாமல் பின்தங்கின. எனவே செய்தியில் வரும் இண்டெக்ஸ் ஏற்றத்தை உங்களிடம் விற்க வருகிற ஃபண்டின் ஏற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

வர்த்தகத்தில் பெரும்பகுதி உள்ளூர்ச் சிறு முதலீட்டாளர்கள் செய்வது. கணக்குகளின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. கடன் வாங்கிப் பங்கு வாங்கும் மார்ஜின் தொகை 2025-இல் அதுவரை இல்லாத உயரத்தைத் தொட்டது. இந்த இரண்டும் சேர்ந்தால் இறக்கம் வேகமாக வரும்: அக்டோபர் 20, ஒரே நாளில் 5 சதவீதத்துக்கு மேல் போயிற்று. இன்னொரு விஷயம் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. "வெளிநாட்டுப் பணம் கொட்டப் போகிறது" என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த அதே 2025-இல் வெளிநாட்டவர்கள் வாங்கியதைவிட விற்றதுதான் அதிகம், 2024-இலும் அப்படித்தான்.

இனி நிச்சயமில்லாத பகுதி. உலகப் பங்குக் குறியீடுகளைத் தயாரிக்கும் எஃப்.டி.எஸ்.ஈ. ரசல் 2025 அக்டோபரில் அறிவித்தது: வியட்நாம், அடுத்த கீழ்ப் படியான எல்லைச் சந்தைப் பட்டியலிலிருந்து வளரும் சந்தைப் பட்டியலுக்கு, 2026 செப்டம்பர் 21 முதல், நடுவில் மார்ச்சில் ஒரு மறுபார்வைக்கு உட்பட்டு. எம்.எஸ்.சி.ஐ. அதே தொழிலில் உள்ள வேறு நிறுவனம், அதன் பட்டியலில் 2025 வரை மாற்றமில்லை. பட்டியல் மாறினால் இண்டெக்ஸைப் பின்பற்றும் ஃபண்டுகள் வாங்கியாக வேண்டும், அது உண்மை. அதனால் விலை இன்னும் ஏறுமா என்பது வேறு விஷயம், ஏனென்றால் இந்தச் செய்தி 2018-இல் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்த நாளிலிருந்தே எல்லாருக்கும் தெரியும். முன் உதாரணங்கள் இருக்கின்றன. எம்.எஸ்.சி.ஐ. ஐக்கிய அரபு அமீரகத்தை 2013 ஜூனில் தகுதி உயர்த்துவதாக அறிவித்தது, அமலுக்கு வந்தது 2014 மே கடைசி. துபாய் அதுவரை ஏறு ஏறு என்று ஏறி, ஜூனில் படுத்துவிட்டது. பாகிஸ்தான் 2017 ஜூனில் உயர்ந்தது. கராச்சி இண்டெக்ஸின் உச்சம் அதற்குச் சில நாள் முன்பு, மே 24. 2021-இல் திரும்ப எல்லைச் சந்தைக்கே அனுப்பிவிட்டார்கள். வியட்நாமும் அப்படித்தான் ஆகும் என்று நான் சொல்ல வரவில்லை. அதன் சந்தை இவற்றைவிட ஆழமானது, தினசரி வர்த்தகம் பெரியது. தகுதி உயர்வு மட்டுமே காரணம் என்றால் அது வாங்கக் காரணம் ஆகாது, அவ்வளவுதான். பூம் இன்னும் ஆறு மாதம் ஓடுமா, ஆறு வாரத்தில் முடியுமா என்று சொல்ல எவராலும் முடியாது. சொல்கிறவர் கையில் விற்க ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரடியாக: மொத்தமாக வேண்டாம். போடவே கூடாது என்றில்லை. உங்கள் சேமிப்பில் பாதியாகக் குறைந்தாலும் ராத்திரி தூக்கம் கெடாத அளவு எவ்வளவோ அவ்வளவு மட்டும் இதற்கு ஒதுக்குங்கள். பெரும்பாலானோருக்கு அது மொத்த முதலீட்டில் 5 சதவீதத்தைத் தாண்டாது. அதையும் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ மாதாமாதம் பிரித்துப் போடுங்கள். சந்தை தொடர்ந்து ஏறினால் மொத்தமாகப் போட்டவரைவிடக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், அதற்காக வருத்தப்பட வேண்டாம். வீடு வாங்க, கல்யாணச் செலவுக்கு, ஊரில் அம்மா அப்பாவுக்கு என்று மூன்று வருடத்துக்குள் தேவைப்படும் பணம் என்றால் ஒரு வெள்ளிகூட வேண்டாம். நான் உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்க்கவில்லை, லைசென்ஸ் வாங்கிய ஆலோசகரும் இல்லை. கடன், காப்பீடு, விசா நிலைமை எல்லாம் தெரிந்த ஒருவரிடம் தொகையை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வகை ஃபண்ட் என்பதில் என் சாய்வு இப்படி. லண்டனில் பட்டியலான மூடிய ஃபண்டுகள், டிராகன் கேபிட்டல் 1995-இல் தொடங்கிய வியட்நாம் எண்டர்பிரைஸ் ஃபண்டும் வினாகேபிட்டலின் 2003 ஃபண்டும் மாதிரியானவை, யூனிட்டைத் திரும்பக் கேட்டு வருகிறவர்களுக்காகப் பங்கை அவசரமாக விற்க வேண்டிய நிலையில் இல்லை. வரம்பு நிரம்பிய பங்குகளும் அவற்றில் பழைய இருப்பாக இருக்கும். என்.ஏ.வி.க்குக் கீழே டிஸ்கவுண்டில் கிடைத்தால் பார்க்கலாம். பிரீமியத்தில் விற்கிற நாள் வந்தால் கிட்டே போக வேண்டாம். இ.டி.எஃப். மலிவு, எளிது; சிங்கப்பூர்ச் சந்தையிலேயே எக்ஸ்டிராக்கர்ஸின் வியட்நாம் இ.டி.எஃப். உண்டு. ஆனால் அது நேரடியாகப் பங்கு வைத்திருப்பதில்லை, ஒரு வங்கியோடு ஸ்வாப் ஒப்பந்தம் போட்டு இண்டெக்ஸின் வருமானத்தைத் தருவது. வங்கி வழியாக விற்கும் யூனிட் டிரஸ்டுகளில் நுழைவுக் கட்டணம் 3, 4, 5 சதவீதம் என்று போகும். அதற்கு மேல் வருடாந்திரக் கட்டணம் 2 பக்கத்தில். எதை வாங்கினாலும் கடைசி மாத ஃபேக்ட்ஷீட்டை எடுத்து முதல் பத்துப் பங்குகளைப் பாருங்கள். வின்குரூப்பும் அதன் துணை நிறுவனங்களும் எத்தனை சதவீதம், வங்கிகள் எத்தனை, ரியல் எஸ்டேட் எத்தனை என்று கூட்டுங்கள். பாதிக்கு மேல் இந்த மூன்றிலேயே அடங்கிவிடும் ஃபண்டுகள் நிறைய.

நண்பர் இன்னொன்றும் சொன்னதாக எழுதியிருந்தீர்கள், நேரடியாக வியட்நாமிலேயே கணக்குத் திறந்து பங்கு வாங்கலாம் என்று. முடியும், ஆனால் வெளிநாட்டவருக்குத் தனி வர்த்தகக் குறியீடு, அங்கேயே ஒரு வங்கியில் முதலீட்டுக் கணக்கு, நோட்டரி முத்திரை என்று அலைச்சல். விற்கும்போது லாபமோ நஷ்டமோ, விற்ற தொகையில் 0.1 சதவீதம் வரியாகப் போகும். டெட் என்ற வியட்நாமியப் புத்தாண்டுப் பண்டிகைக்கு ஒரு வாரம் போலச் சந்தை மூடியிருக்கும், அந்த நேரத்தில் பணம் வேண்டும் என்றால் வராது. போனஸ் தொகைக்கு அவ்வளவு வேலை தேவையில்லை.